வேண்டாம் என்ற பிச்சைக்காரனுக்கு

இன்று காலை பெங்களூர் மெட்ரோவில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவின் பையிலிருந்து புளியோகரே வாசனை வந்தது. டப்பா மூடி சரியாகப் பொருந்தவில்லை போலிருக்கிறது. புளியும் வெல்லமும் வறுத்த எள்ளும் பெருங்காயமும் சேர்ந்து, இந்திரா நகர் தாண்டுவதற்குள் பெட்டி முழுக்கப் பரவிவிட்டது. போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் ஒரு நிமிஷம் தலையைத் தூக்கினார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். கிழவனுக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்.

சிரித்தது உன்னை நினைத்து. அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். ஐந்தாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தும் மேலே போகாதவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பொறுக்காவிட்டாலும் இப்போது உன்னால் என்ன செய்ய முடியும்? நான் எந்தக் கதையைச் சொன்னாலும் நடுவில் புகுந்து, "அப்படி நடக்கலைடா" என்று கெடுப்பாய். இந்த ஒன்றையாவது நான் சொல்கிறபடி நடந்ததாக இருக்கட்டும்.

நீ அரசாங்க ஆபீஸில் லிஃப்ட் ஓட்டினாய், நான் ஆட்டோ ஓட்டினேன். நீ மேலும் கீழும் போனாய், நான் குறுக்கும் நெடுக்கும் போனேன். வேலையில் அவ்வளவுதான் வித்தியாசம். குணத்தில்தான் நாம் எதிரும் புதிரும். யார் எதைக் கொடுத்தாலும் நான் வாங்கிக்கொள்வேன். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குவேன். நீயோ, தசராவுக்கு ஆபீஸர்கள் கொடுத்த இனிப்பு டப்பாவைக்கூட லிஃப்டிலேயே அவர்கள் கையில் திருப்பிக் கொடுத்து, அவர்கள் மாடியில் இறக்கிவிட்டவன். என் வீட்டுக்கு வரும்போது உன் வீட்டில் காப்பி குடித்துவிட்டுத்தான் வருவாய். என் பெண்டாட்டி டம்ளரை எடுப்பதற்குள் "வேண்டாம்மா, இப்பதான் ஆச்சு" என்பாய். என் மகள் கல்யாணத்தில் உன்னைப் பந்தியில் உட்காரவைக்க என் மச்சான்கள் இரண்டு பேர் தோளைப் பிடித்து அழுத்த வேண்டியிருந்தது. ஏன்டா இப்படி என்று கேட்டால், "வாங்கினவன் குனியணும்டா. என் முதுகுக்கு அது பழக்கமில்ல" என்றாய். ஆட்டோவுக்குள் குனிந்து ஏறுவாயே, அது மட்டும் எப்படி என்று நான் கேட்டதற்கு இரண்டு நாள் பேசவில்லை.

அப்படிப்பட்ட உன்னை மாட்டிவிட்டது உன் வீட்டுக்காரி. என்னை அவள் அண்ணா என்பாள், எனக்கு அவள் தங்கச்சி. டெங்கு வந்து நீ நினைவில்லாமல் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று, கிழக்கே பார்த்துக் கும்பிட்டு அவள் வேண்டிக்கொண்டதை நான் என் காதால் கேட்டேன். "பெருமாளே, இவர் எழுந்துட்டா, ஏழு வீட்டுல இவர் வாயாலயே கேட்டு மடிப்பிச்சை எடுப்பாரு. அந்தப் பிச்சையிலயே திருப்பதிக்கு வந்து, அலிபிரியில இருந்து நடந்தே மலை ஏறுவாரு." மற்ற பெண்கள் தங்கள் தலைமுடியையோ தங்கள் நடையையோ வேண்டிக்கொள்வார்கள். தங்கச்சி உன் வாயை வேண்டிக்கொண்டாள். நீ பிழைத்து எழுந்து விஷயம் கேட்டதும், மறுபடி காய்ச்சல் வந்தவன் மாதிரி படுத்துக்கொண்டாய்.

மூன்று புரட்டாசி தள்ளினாய். ஒரு வருஷம் முட்டி வலி, ஒரு வருஷம் மழை, ஒரு வருஷம் மழை இல்லாததால் வெயில். அதற்குள் தங்கச்சிக்குப் பித்தப்பையில் கல் வந்தது. தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்யவேண்டும் என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தார். அவள் முடியாது என்றுவிட்டாள். "பெருமாளுக்குச் சொன்ன வாக்கு அப்படியே நிக்குது. அதை வச்சுக்கிட்டு நான் கத்திக்குப் படுக்க மாட்டேன்" என்றாள். மகன் சொன்னான், மருமகள் சொன்னாள், டாக்டரோ ஆஸ்டின் டவுன் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அவள் அசையவில்லை. வலி வரும்போது சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நிற்பாளாம். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாய். காப்பி வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. "சனிக்கிழமை போலாம்டா" என்றாய். அது போன வருஷம் புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை.

நம் தெருவிலேயே ஏழு வீடு கேட்டிருந்தால் பல் துலக்குகிற நேரத்தில் முடிந்திருக்கும். நீ கேட்கவில்லை. தெரிந்தவன் வாசலில் கை நீட்ட மாட்டேன், யாருக்கும் யாரையும் தெரியாத இடமாகப் பார் என்றாய். அப்படியென்றால் வைட்ஃபீல்ட்தான் என்று சொன்ன புத்திசாலி நான். பிச்சையை முடித்துக்கொண்டு அப்படியே ஹொஸ்கோட்டே போய்த் திருப்பதி பஸ் பிடிக்கலாம் என்று வழியும் சொன்னேன்.

கிளம்புகிற காலையில் தங்கச்சி உன் சட்டைப் பையைத் துழாவினாள், வேட்டி மடிப்பை உதறிப் பார்த்தாள். பிறகு என் பையையும் துழாவினாள். மெட்ரோ அட்டையும் என் பட்டன் போனும் மட்டும் தப்பின. உன் நெற்றியில் நாமம் போட்டு, கையில் மஞ்சள் துணியைக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, நீங்க கூட நில்லுங்க. ஆனா வாசல்ல வாயைத் திறக்கக் கூடாது. நீங்க திறந்தா அரை மணியில மூட்டை கட்டிடுவீங்க, இவரு பின்னாடி ராஜா மாதிரி நிப்பாரு. என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். என் வாயைக் கட்டிய ஒரே மனுஷி அவள்தான். என் பெண்டாட்டி இன்றைக்கும் அந்த வித்தையைக் கற்றுக்கொடு என்று அவளைக் கேட்கிறாள்.

வைட்ஃபீல்டில் நீ தேர்ந்தெடுத்தது ஏழு மாடி அடுக்ககம். வாசலில் ஒரு காவலாளி, நம்மைவிடப் பத்து வயது குறைவாக இருப்பார், பெரிய மீசை, கையில் பலகை மாதிரி ஒரு கம்ப்யூட்டர். "யாரு பேக்கு?" என்றார் கன்னடத்தில், யார் வேண்டும் என்று. யாரும் வேண்டாம் என்றாய். எந்த வீடு என்றார். எந்த வீடாக இருந்தாலும் சரி என்றாய். என்ன வேலையாக வந்தீர்கள் என்றார். அதற்கு நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் இடுப்பில் கிள்ளினேன். போலீஸ்காரன் அடையாள அட்டை காட்டுகிற மாதிரி, மஞ்சள் துணியை ஒரு விரற்கடை மட்டும் வெளியே எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே வைத்துக்கொண்டாய்.

அவருக்குப் புரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். அவர் பெயர் மல்லப்பா, ராய்ச்சூர் பக்கம். அவர் ஊரிலும் இந்த வழக்கம் உண்டாம். ஆனால் உள்ளே வரும் ஆளை அந்தக் கம்ப்யூட்டரில் பதிந்து, வீட்டுக்காரர் போனில் சரி என்று சொன்னால்தான் கதவு திறக்கும். வந்த காரணம் என்ற இடத்தில் விருந்தாளி, டாக்ஸி, டெலிவரி, ரிப்பேர் என்று நான்குதான் இருந்தன. பிச்சைக்கு இடம் இல்லை. மல்லப்பா மீசையைத் தடவி யோசித்தார். விருந்தாளி என்று போட்டால் யார் விருந்தாளி என்று கேட்பார்கள். ரிப்பேர் என்று போட்டால் ஸ்பேனர் எங்கே என்பார்கள். கடைசியில் டெலிவரி என்று அழுத்தினார். ஏழாவது மாடியிலிருந்து சரி என்று பதில் வந்தது. ஆக, பிச்சை வாங்க வந்த நாம் பார்சல் கொடுக்க வந்தவர்களாக உள்ளே போனோம்.

லிஃப்டில் ஏறியதும் உன் கால் தானாகப் பொத்தான் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றது. பின்னால் ஏறினவர்களிடம் எத்தனாவது மாடி என்று கேட்டுக் கேட்டு நீ அழுத்த, நாமம் போட்ட லிஃப்ட்காரரை அவர்கள் மேலும் கீழும் பார்த்தார்கள். ஒரு பெண் தேங்க்யூ என்றாள். அன்றைக்குக் காலையிலிருந்து உன் முகத்தில் வெளிச்சம் வந்தது அந்த ஒரு தடவைதான்.

ஏழாவது மாடியில் கதவைத் திறந்தவள் ஸ்வேதா. காதில் ஹெட்போன், வாயில் இங்கிலீஷ், கண் எங்கேயோ. பார்சலுக்காகக் கையை நீட்டினாள். நீ பிச்சைக்காக மஞ்சள் துணியை நீட்டினாய். இரண்டு பேரும் நீட்டினபடி நின்றீர்கள். யார் யாருக்குப் போடுவது என்று தெரியாமல் நான் நடுவில் நின்றேன். பிறகு அவள் உன் நாமத்தைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், ஹெட்போனை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு உள்ளே ஓடி, இரண்டு கை நிறைய அரிசியோடு வந்தாள். அப்போது நீ சொன்னதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

"வேண்டாம்மா. இப்பதான் ஆச்சு."

அவள் ஒரு நிமிஷம் பார்த்தாள். ஓகே அங்கிள் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். வாசலில் என் வாய்தானே கட்டியிருந்தது, கால் கட்டியிருக்கவில்லை. உன் குதிகாலில் ஓர் உதை விட்டேன். வாழ்நாளில் உன்னை நான் உதைத்தது அது ஒன்றுதான், அதுவும் போதவில்லை.

கீழே வந்து மல்லப்பாவின் கூண்டுக்குப் பக்கத்தில் இருந்த கட்டையில் உட்கார்ந்தாய். "வாயில தானா வருதுடா. நான் என்ன பண்ண?" என்றாய். உன் முகத்தைப் பார்த்தால் கேலி செய்யத் தோன்றவில்லை. எனக்கே ஆச்சரியம்.

"அங்க ஒருத்தி வலிக்கு வாயை அடைச்சுக்கிட்டு நிக்கிறா. நீ இங்க வாயைத் திறக்க முடியலங்கற. திரும்பிப் போயி அவகிட்ட என்னன்னு சொல்லுவ?" என்றேன்.

நீ மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் திரும்பிப் பார்த்தாய். வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று நீ யோசித்தது எனக்குத் தெரியும்.

மல்லப்பா நம்மைக் கவனித்துக்கொண்டே இருந்தார். கூண்டுக்குள் போய்த் தன் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டு வந்தார். புளியோகரே. காலையில் அவரே கிளறினதாம். முதலில் இதை என் பிச்சையாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். நீ வாயைத் திறந்தாய். நினைத்தபடியே அந்த 'வேண்டாம்' வந்தே விட்டது. மல்லப்பா டப்பாவை உள்ளே இழுக்கவில்லை. அவர் கன்னடத்தில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"சார், நீங்க வாங்குறது உங்களுக்காகத்தான்னு நினைச்சீங்களா? எனக்கு மலைக்குப் போக லீவு கிடையாது. ஊர்ல தண்ணிக்கு நாலாவது போர் போடுறாங்க. மூணுலயும் மண்தூள்தான் வந்துச்சு. என் கையால ஒரு பிடி உங்க துணியில விழுந்தா, நானும் கொஞ்சம் மேல போன மாதிரி. அதை வேண்டாம்னு சொன்னா எப்படி?"

நீ எழுந்து நின்றாய். உன் லிஃப்டில் ஏறி ஒருவர் மாடி நம்பரைச் சொன்னால், எத்தனை களைப்பு இருந்தாலும் உன் கை பொத்தானுக்குப் போகும் இல்லையா, அப்படித்தான் அப்போது துணிக்குப் போனது. மஞ்சள் துணியை முழுசாக விரித்தாய். எண்ணெய் சொட்ட ஒரு பிடி புளியோகரே அதில் விழுந்தது. "உங்க பேரு மல்லப்பா. போர்ல தண்ணி. பெருமாள்கிட்ட சொல்லிடறேன்" என்றாய். காவல் கூண்டு வீடாகுமா என்று நான் கேட்டேன். மனுஷன் இருக்கிற இடமெல்லாம் வீடுதான் என்று என் வாயை அடைத்துவிட்டு மறுபடி லிஃப்டுக்குப் போனாய்.

ஸ்வேதா கதவைத் திறந்ததும் நீ நிமிர்ந்து நின்று சொன்னாய். "அம்மா, அப்ப வேண்டாம்னு சொல்லிட்டேன். இப்ப வேணும்." சேலத்துப் பெண்ணாம், நன்றாகச் சிரித்தாள். அரிசி போட்டாள். உன் வேண்டுதல் என்னம்மா, மலையில் சொல்கிறேன் என்றாய். உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாமியார் டிசம்பர் வரைக்கும் இருப்பதாகச் சொல்கிறார், கொஞ்சம் சீக்கிரம் ஊருக்குப் போனால் தேவலை என்று ரகசியமாகச் சொன்னாள். அவள் மீட்டிங் என்று உள்ளே போனதும் மாமியாரே வந்தார். இன்னொரு பிடி போட்டார். இந்தப் பெண் காதில் மாட்டினதைக் கழற்றிவிட்டுத் தன்னோடு இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று அதே ரகசியத்தில் சொன்னார். இரண்டையும் சொல்கிறேன் என்று நீ முகம் மாறாமல் ஒப்புக்கொண்டாய். நான் படிக்கட்டுப் பக்கம் ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் உன்னை நிறுத்த முடியவில்லை. மல்லப்பா கீழேயிருந்து டெலிவரி, டெலிவரி என்று போட்டுக்கொண்டே இருந்தார். மாடிக்கொரு வீடாக இரண்டாவது மாடி வரைக்கும் இறங்கி வந்தோம். ஐந்தாவது மாடியில் அரிசி இல்லை என்று ஓட்ஸ் போட்டார்கள். அதையும் வாங்கினாய். ஆனால் காசு ஒருவரிடமும் இல்லை. வாசலுக்கு வாசல் ஸ்கேனர் இருக்கா அங்கிள் என்று கேட்டார்கள். என் பட்டன் போனை எடுத்துக் காட்டினேன். அனுதாபத்தோடு பார்த்தார்கள். காவல் கூண்டோடு சேர்த்து ஏழு வீடு முடிந்தபோது கையில் ஒரு மூட்டை அரிசி, பஸ்ஸுக்குச் சல்லிக் காசில்லை.

காலியாகப் போன ஓர் ஆபீஸ் வண்டியை மல்லப்பா கைகாட்டி நிறுத்தி, நம்மை ஹொஸ்கோட்டேயில் இறக்கிவிடச் சொன்னார். அங்கே திருப்பதி பஸ்ஸில் ஏறிவிட்டோம். கண்டக்டர் டிக்கெட் கேட்டார். நீ மூட்டையைக் காட்டினாய். அரிசிக்கு டிக்கெட் தரமாட்டோம், அடுத்த ஸ்டாப்பில் இறங்குங்கள் என்றார், தெலுங்கும் கன்னடமும் கலந்து. எனக்கு நாக்கு துடித்தது. நான் வாயைத் திறந்தால் ஐந்து நிமிஷத்தில் அந்தப் பஸ்ஸையே விலைக்கு வாங்கியிருப்பேன். சத்தியம் தடுத்தது. நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய்.

"அம்மா, அய்யா. நாப்பது வருஷம் வேலை பார்த்தேன். ஒருத்தர்கிட்டயும் கேட்டதில்ல. என் வீட்டுக்காரிக்கு ஆபரேஷன் ஆகணும். நான் பிச்சை எடுத்துப் போயி மலை ஏறினாத்தான் படுப்பேங்கறா. டிக்கெட்டுக்குக் குடுங்க. கோவிந்தா."

அந்த முதல் கோவிந்தா எனக்கு மட்டும்தான் கேட்டது. இரண்டாவது தடவை சொன்னபோது பஸ் முழுக்கத் திருப்பிச் சொன்னது. முன் சீட்டில் இருந்த பூக்காரம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். வழியில் முல்பாகலில் இறங்குகிறவராம். பின்னாலிருந்தவர்கள் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பினார்கள். கடைசியில் கண்டக்டரும் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு, நம் டிக்கெட்டைக் கிழித்தார். நீ ஒவ்வொன்றாகக் குனிந்து வாங்கினாய். இரண்டு டிக்கெட்டுக்குச் சேர்ந்ததும் அதற்குமேல் நீட்டினவரிடம் "போதும்ங்க, ஆச்சு" என்றாய். உன் வாழ்க்கையில் அதை நீ உண்மையாகச் சொன்ன நாள் அது.

தங்கச்சிக்குப் போன் போட்டேன். அவரே கேட்டார் என்றேன். அவள் நம்பவில்லை. "அண்ணா, உங்க வாயில உண்மை வந்து நான் பார்த்ததில்ல. நிஜமா அவரே கேட்டாரா?" என்றாள். உன்னிடம் கொடுத்தேன். நீ கொர் கொர் என்று தொண்டையைக் கனைத்தாயே தவிர ஒரு வார்த்தை வரவில்லை. பூக்காரம்மா போனைப் பிடுங்கினார். "ஆமாம்மா, நான் பக்கத்துலதான் இருக்கேன். உங்க வீட்டுக்காரரு நல்லா சத்தமாவே பிச்சை கேட்டாரு. கவலைப்படாம படுத்துக்கோங்க." போன் என் கைக்குத் திரும்பி வந்தது. பிறகு தங்கச்சி சொன்னாள், "சரி. புதன்கிழமை வர்றேன்னு அவரையே டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க." நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். கண்ணில் தூசி என்றாய். ஜன்னல் மூடியிருந்தது.

அலிபிரியில், நடக்க வருகிறவர்களுக்குப் பொங்கிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பத்திடம் அரிசி மூட்டையைக் கொடுத்தோம். ஓட்ஸை முகர்ந்து பார்த்துவிட்டு, இதை யார் சாப்பிடுவார்கள் என்று அந்த அம்மா கேட்டார். ஐந்தாவது மாடி என்றாய். மறுநாள் விடிந்ததும் முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டு ஏறினோம். வழி முழுக்க நீ உதடு அசைத்து வேண்டுதல்களை மனப்பாடம் செய்துகொண்டே வந்தாய்.

அங்கேதான் நீ தப்புச் செய்தாய், வேறு எவனும் செய்ய முடியாத தப்பு. லிஃப்ட்காரன் புத்தியில் ஏழாவது மாடியிலிருந்து கீழே வரிசையாகச் சொல்ல ஆரம்பித்திருக்கிறாய். பெருமாள் முன்னால் நமக்குக் கிடைப்பது கண் சிமிட்டுகிற நேரம். மாமியார் மருமகள் வழக்கிலேயே பாதி போய்விட்டது. மீதியைக் கடகடவென்று ஒப்பித்து, கடைசியில் வாசலுக்கு வந்து மல்லப்பா என்று வாயெடுப்பதற்குள் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். வெளியே வந்து பிராகாரத்தில் உட்கார்ந்துகொண்டு, லட்டுகூட வாங்காமல், "முதல்ல குடுத்தவரை விட்டுட்டேன்டா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். உனக்காக என்ன கேட்டாய் என்றேன். அதற்கெங்கேடா நேரம் என்று எரிந்து விழுந்தாய்.

தங்கச்சிக்கு நல்லபடியாக ஆயிற்று. எடுத்த கல்லை ஒரு சின்ன பாட்டிலில் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். அடுத்த புரட்டாசியில் மல்லப்பாவுக்காகவே மறுபடி போகவேண்டும் என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய். இந்தத் தடவை சாக்கு எதுவும் சொல்லவில்லை. தை மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுக்கிறேன் என்றவன் எழுந்திருக்கவில்லை.

இன்று காலை மெட்ரோவில் நான் போனது வைட்ஃபீல்டுக்குத்தான். விட்டுப்போன விஷயத்தை மல்லப்பாவிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வாசலில் வேறு ஆள் இருந்தார். மல்லப்பா வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டாராம். போரில் தண்ணீர் வந்ததால் போனாரா, வராததால் போனாரா, அங்கே யாருக்கும் தெரியவில்லை.

அதனால் இந்தப் புரட்டாசிச் சனிக்கிழமை நான் மலைக்குக் கிளம்புகிறேன். எனக்கென்று வேண்டுதல் ஒன்றும் இல்லை. உன் பாக்கியைத்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக, மல்லப்பா, ராய்ச்சூர் பக்கம், நாலாவது போர் என்று சொல்லிவிடுவேன். தண்ணீர் வந்திருந்தால் வற்றாமல் இருக்கட்டும், வராவிட்டால் வரட்டும். அதற்கப்புறமும் என்னைத் தள்ளாமல் விட்டார்கள் என்றால், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டதைப் பற்றிப் பெருமாளிடம் கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது.